உலோக வால்வா, மிருக வால்வா? இதய வால்வு மாற்றுச் சத்திரசிகிச்சை: ஓர் ஒப்பீடு

இதய வால்வு பழுதாகிப்போன ஒருவரிடம் சத்திரசிகிச்சைக்கு முன்னர் வைத்தியர் கேட்கும் கேள்வி மிகவும் சிறியது. உலோக வால்வு வைப்பதா, மிருக வால்வு வைப்பதா? அதற்குச் சொல்லப்படும் பதிலைப் பொறுத்தே நோயாளியின் அடுத்த 20 வருடங்கள் அமைகின்றன. வாழ்நாள் முழுவதும் தினமும் ஒரு குளிசை போட வேண்டுமா, மாதாமாதம் குருதிப் பரிசோதனைக்குப் பஸ் ஏற வேண்டுமா, பிள்ளை பெறலாமா, 10 அல்லது 15 வருடங்களில் மறுபடியும் நெஞ்சைத் திறக்க வேண்டி வருமா என்பதெல்லாம் அந்த ஒரு பதிலுக்குள் அடங்கியிருக்கின்றன.

இந்தக் கேள்வியைச் சந்தித்த குடும்பங்கள் சிலவற்றோடு கடந்த வருடங்களில் கதைத்திருக்கிறேன். கிளினிக்கில் கிடைத்த ஐந்து நிமிடங்களுக்குள், பாதி விளங்கியும் பாதி விளங்காமலும் முடிவெடுத்ததாகவே அவர்களிற் பலர் சொன்னார்கள். நான் வைத்தியர் அல்ல. ஊடகக் கற்கை படித்துவிட்டுச் சுயாதீனமாக எழுதுபவன். எது உங்களுக்குப் பொருத்தம் என்று இந்தக் கட்டுரை சொல்லாது. அதை உங்களைப் பரிசோதிக்கும் வைத்தியர்தான் சொல்ல வேண்டும். அவர் சொல்வது விளங்கவும், அவரிடம் எதைக் கேட்க வேண்டும் என்று தெரியவும் இது உதவும் என்று நம்புகிறேன்.

வால்வு என்ன செய்கிறது? எப்படிப் பழுதாகிறது?

பாடசாலை விஞ்ஞானத்தில் படித்ததை ஒருமுறை நினைவுபடுத்திக்கொள்வோம். இதயத்தில் நான்கு அறைகள், நான்கு வால்வுகள். குருதி ஒரு பக்கமாக மட்டும் போக விட்டு, திரும்பி வராமல் மூடிக்கொள்வதே வால்வின் வேலை. இதயம் ஒரு நாளில் சுமார் 1 இலட்சம் தடவை துடிக்கிறது. அத்தனை தடவையும் வால்வு திறந்து மூட வேண்டும்.

அதிகமாகப் பழுதாவது இடப்பக்கத்து வால்வுகள் இரண்டும்தான். இடது சோணையறைக்கும் இடது இதயவறைக்கும் நடுவில் இருப்பது இருகூர் வால்வு. வைத்தியர்கள் இதை மைட்ரல் வால்வு என்பார்கள். இடது இதயவறையிலிருந்து பெருநாடிக்குள் குருதி போகும் வாசலில் இருப்பது பெருநாடி வால்வு. கிளினிக் கொப்பியில் இது அயோட்டிக் வால்வு என்று எழுதப்பட்டிருக்கும்.

பழுது இரண்டு விதம். வால்வு சரியாகத் திறக்காமல் ஒடுங்கிப்போவது ஒன்று. சரியாக மூடாமல் குருதி பின்னோக்கிக் கசிவது மற்றையது. சிலருக்கு இரண்டும் சேர்ந்தே இருக்கும். படியேறும்போது இளைப்பு, படுத்தால் மூச்சு முட்டுதல், கால் வீக்கம், நெஞ்சுப் படபடப்பு, மயக்கம் ஆகியன இதன் அறிகுறிகள்.

முதியவர்களுக்குப் பெருநாடி வால்வில் கல்சியம் படிந்து ஒடுங்குவது உலகெங்கும் பொதுவானது. எங்களைப் போன்ற நாடுகளில் இளம் வயதினரைத் தாக்குவது வாதக்காய்ச்சல். தொண்டையில் வரும் ஒரு வகை ஸ்ட்ரெப்டோகொக்கஸ் பக்றீரியாத் தொற்றுக்குச் சிகிச்சை செய்யாமல் விட்டால், சில பிள்ளைகளின் நோயெதிர்ப்புச் சக்தி கிருமியோடு சேர்த்து இதய வால்வையும் தாக்கிவிடுகிறது. இது பெரும்பாலும் 5 முதல் 15 வயதுக்குள் வரும். மூட்டு வீக்கமும் காய்ச்சலும் மாறிவிடும். வால்வில் ஏற்பட்ட தழும்பு மாறாது. அது மெல்ல மெல்லத் தடித்து, 20, 30 வருடங்கள் கழித்துக்கூட இளைப்பாக வெளியே வரும்.

இந்தத் தொற்று நெருக்கமாக வாழும் இடங்களிற் பரவுவது. ஒரே அறையில் பலர் படுக்கும் வீடு, இடம்பெயர்ந்தோர் தங்கிய பாடசாலை, தறப்பாள் கொட்டில் எல்லாம் அதற்கு வசதியான இடங்கள். 2009இல் வவுனியா முகாம்களில் இரண்டரை இலட்சத்துக்கும் மேற்பட்டோர் அடைக்கப்பட்டிருந்தார்கள். அங்கே 8 வயதில் இருந்த பிள்ளைக்கு இன்று 20களின் நடு வயது. 1990களில் இடப்பெயர்வோடு வளர்ந்தவர்கள் 30களிலும் 40களிலும் இருக்கிறார்கள். வாதக்காய்ச்சலின் விளைவு வெளியே தெரியும் வயது இதுதான். சிறு வயதில் மூட்டு வீங்கிக் காய்ச்சல் வந்த ஞாபகம் உள்ளவர்கள், காரணமில்லாமல் இளைக்கத் தொடங்கினால் ஒரு தடவை எக்கோ பரிசோதனை செய்துகொள்வது நல்லது.

எல்லாப் பழுதுக்கும் புது வால்வு தேவையில்லை

மாற்றுவதற்கு முன்னர் வைத்தியர்கள் பார்ப்பது, இருக்கும் வால்வைக் காப்பாற்ற முடியுமா என்பதை.

ஒடுங்கிய இருகூர் வால்வைப் பலூனால் விரிக்கலாம். தொடைப் பக்கத்து நாளத்தினூடாக ஒரு குழாயை இதயத்துக்குள் செலுத்தி, வால்வின் நடுவில் பலூனை ஊதி, ஒட்டிப்போன இதழ்களைப் பிரிக்கும் முறை இது. ஜப்பானிய சத்திரசிகிச்சை நிபுணர் கஞ்சி இனோவே உருவாக்கிய இந்த முறை 1984இல் மருத்துவ உலகத்துக்கு அறிவிக்கப்பட்டது. நெஞ்சைத் திறக்கத் தேவையில்லை. ஆனால் வால்வில் கல்சியம் அதிகம் இருந்தாலோ, கசிவு அதிகம் இருந்தாலோ, சோணையறைக்குள் குருதிக்கட்டி இருந்தாலோ செய்ய முடியாது.

கசியும் வால்வைச் சத்திரசிகிச்சையால் திருத்தவும் முடியும். பிரான்சின் அலன் கார்பென்ரியர் இத்துறையின் முன்னோடி. இதழ்களைச் சீர்செய்து, வால்வின் அடியில் ஒரு வளையத்தை வைத்துத் தைத்து இறுக்குவார்கள். திருத்த முடிந்தால் அதுவே சிறந்தது. சொந்த வால்வு தங்கிவிடும். முதுமையால் தளர்ந்த வால்வில் இது நன்றாக நிற்கும். வாதக்காய்ச்சலால் தடித்துச் சுருங்கிய வால்வில் திருத்துவது கடினம். சில வருடங்களில் மீண்டும் பழுதாகும் வாய்ப்பும் அதிகம்.

இந்த வழிகள் சரிவராவிட்டால்தான் புது வால்வு. அப்போது இரண்டு கேள்விகள் வருகின்றன. எந்த வால்வு? எந்த வழியால்? பலர் இந்த இரண்டையும் ஒன்றாகக் குழப்பிக்கொள்கிறார்கள். அவற்றைத் தனித்தனியாகப் பார்ப்போம்.

முதல் கேள்வி: எந்த வால்வு?

உலோக வால்வு என்று நாங்கள் சொல்வது உண்மையில் பெரும்பாலும் கார்பனால் ஆனது. 1960இல் அமெரிக்காவில் அல்பேர்ட் ஸ்ரார் என்ற சத்திரசிகிச்சை நிபுணரும் லோவல் எட்வேர்ட்ஸ் என்ற பொறியியலாளரும் சேர்ந்து செய்த வால்வு, ஒரு கூட்டுக்குள் பந்து ஏறி இறங்கும் அமைப்புக் கொண்டது. பிறகு சாய்ந்து திறக்கும் ஒற்றைத் தட்டு வால்வு வந்தது. 1977இல் வந்த இரட்டை இதழ் வால்வே இன்று அதிகம் வைக்கப்படுவது. பைரோலிற்றிக் கார்பன் எனப்படும் மிகவும் உறுதியான பொருளால் ஆன இரண்டு அரைவட்ட இதழ்கள் கதவுபோலத் திறந்து மூடும். இந்தியாவில், திருவனந்தபுரம் சிறீ சித்ரா நிலையத்தில் வைத்தியர் வலியத்தான் தலைமையில் உருவான சித்ரா வால்வு ஒற்றைத் தட்டு வகையைச் சேர்ந்தது. 1990 டிசம்பரில் முதன்முதலாக நோயாளி ஒருவருக்குப் பொருத்தப்பட்டது. வெளிநாட்டு வால்வை வாங்க முடியாத ஏழை நோயாளிகளை மனதில் வைத்துச் செய்யப்பட்டது அது.

உலோக வால்வு தேயாது; வாழ்நாள் முழுவதும் உழைக்கக்கூடியது. ஆனால் அதன்மீது குருதி உறையும். உறைந்த கட்டி வால்வை அடைக்கலாம். மூளைக்குப் போனால் பக்கவாதம். அதனால் குருதி உறையாமல் வைத்திருக்கும் வோபரின் குளிசையை வாழ்நாள் முழுவதும் போட வேண்டும். இன்னொரு சங்கதியும் உண்டு: சத்தம். உலோக வால்வு வைத்த என் உறவினர் ஒருவர், இரவில் வீடு அடங்கிய பிறகு தன் நெஞ்சுக்குள் மணிக்கூடு ஓடுவது கேட்கும் என்பார். முதல் சில மாதங்கள் நித்திரையில்லை. இப்போது அது கேட்காவிட்டால்தான் பயம் என்கிறார்.

மிருக வால்வு என்பது பன்றியின் இதய வால்வாலோ, மாட்டின் இதயத்தைச் சுற்றியிருக்கும் சவ்வாலோ செய்யப்படுவது. குளுற்றரால்டிகைட்டு என்ற இரசாயனத்தில் பதப்படுத்துவதால் உடல் அதை அந்நியப் பொருளாக எதிர்ப்பது குறைகிறது. இந்தப் பதப்படுத்தலை 1960களின் இறுதியில் கொண்டுவந்தவரும் மேலே சொன்ன கார்பென்ரியர்தான். இந்த வால்வுக்கு வழமையாக முதல் 3 முதல் 6 மாதங்கள் மட்டுமே வோபரின் கொடுப்பார்கள். இதயத்துடிப்பு ஒழுங்கற்று இருப்பவர்களுக்கு மட்டும் அது தொடரும்.

குறை, ஆயுள். சாதாரணமாக 10 முதல் 15 வருடங்களில் தேய்ந்துவிடும். கவனிக்க வேண்டியது என்னவென்றால், வயது குறையக் குறைய இது விரைவாகப் பழுதாகும். 70 வயதில் வைத்த வால்வு அவருடைய ஆயுளுக்குப் போதுமானதாக இருக்கலாம். 25 வயதில் வைத்தது 10 வருடத்துக்குள்ளேயே தேயலாம். இரண்டாவது தடவை நெஞ்சைத் திறப்பது முதல் தடவையைவிட ஆபத்தானது. இதயம் நெஞ்செலும்பின் பின்புறத்தோடு ஒட்டிப்போயிருக்கும்.

வேறு இரண்டு முறைகளும் உண்டு. லண்டனில் டொனால்ட் றொஸ் 1967இல் தொடங்கிய முறையில், நோயாளியின் சொந்தச் சுவாசப்பை நாடி வால்வை எடுத்துப் பெருநாடி வால்வு இருந்த இடத்தில் வைப்பார்கள். எடுத்த இடத்தில், இறந்தவர் ஒருவர் தானம் செய்த வால்வு வைக்கப்படும். உயிருள்ள சொந்தத் திசு என்பதால் பிள்ளைகளுக்கு வைத்தால் அது கூடவே வளரும், வோபரின் தேவையில்லை. ஆனால் ஒரு வால்வு நோயை இரண்டு வால்வு நோயாக மாற்றும் ஆபத்தும் இருக்கிறது. மிகுந்த அனுபவம் உள்ளவர்களே செய்ய வேண்டியது. மற்றையது, ஜப்பானில் ஷிகெயுக்கி ஒசாக்கி 2007இல் தொடங்கியது. நோயாளியின் இதயச் சவ்விலேயே மூன்று இதழ்களை அளந்து வெட்டிப் பெருநாடி வால்வாகத் தைப்பார்கள். செலவு குறைவு, வோபரின் தேவையில்லை. மிருக வால்வுகளைப்போல நீண்டகால அனுபவம் இதற்கு இன்னும் சேரவில்லை. இந்த இரண்டு முறைகளும் பெருநாடி வால்வுக்கே பொதுவாகப் பயன்படுகின்றன.

வயதை வைத்துப் பொதுவான ஒரு வழிகாட்டல் இருக்கிறது. 2020இல் வெளியான அமெரிக்க இதய நிபுணர்களின் வழிகாட்டலின்படி, பெருநாடி வால்வு என்றால் 50 வயதுக்குக் குறைந்தவர்களுக்கு உலோகமும், 65க்கு மேற்பட்டவர்களுக்கு மிருக வால்வும் பொருத்தம். நடுவில் இருப்பவர்களுக்கு நோயாளியைப் பார்த்து முடிவு செய்ய வேண்டும். இருகூர் வால்வு என்றால் 65 வயது வரை உலோகமே பொருத்தம். ஆனால் அதே வழிகாட்டல், வோபரின் போட முடியாதவர்களுக்கும், குருதிப் பரிசோதனை ஒழுங்காகச் செய்ய முடியாதவர்களுக்கும் எந்த வயதிலும் மிருக வால்வையே சொல்கிறது. எங்கள் ஊர்களுக்கு முக்கியமான வரி இதுதான்.

இரண்டாவது கேள்வி: எந்த வழியால்?

முழுமையாக நெஞ்சைத் திறக்கும் முறையே இன்றும் அடிப்படை. நெஞ்செலும்பை மேலிருந்து கீழாக அறுத்துத் திறப்பார்கள். இதயமும் சுவாசப்பையும் செய்யும் வேலையை ஓர் இயந்திரம் எடுத்துக்கொள்ளும். அமெரிக்காவில் ஜோன் கிப்பன் 1953இல் இந்த இயந்திரத்தை வெற்றிகரமாகப் பயன்படுத்திய பிறகுதான் இதயத்துக்குள் நிதானமாக வேலை செய்ய முடிந்தது. பொற்றாசியம் கலந்த குளிர்ந்த திரவத்தைச் செலுத்தி இதயத்தை நிறுத்துவார்கள். பழுதான வால்வை வெட்டி எடுத்து, அளவு பார்த்துப் புது வால்வைச் சுற்றிவரத் தைப்பார்கள். பிறகு இதயம் மீண்டும் துடிக்கத் தொடங்கும். எலும்பைக் கம்பியால் கட்டி மூடுவார்கள்.

இருகூர் வால்வை மாற்றும்போது ஒரு நுட்பமான வேறுபாடு உண்டு. அந்த வால்வு இதயவறையின் தசையோடு நூல்போன்ற நாண்களால் இணைக்கப்பட்டிருக்கிறது. முன்பு எல்லாவற்றையும் வெட்டி எடுத்தார்கள். இப்போது முடிந்தவரை அந்த நாண்களை விட்டுவைத்தே புது வால்வைத் தைக்கிறார்கள். அப்படிச் செய்தால் இதயத்தின் பம்பும் சக்தி நன்றாகப் பாதுகாக்கப்படுகிறது. வாதக்காய்ச்சலால் நாண்கள் ஒன்றோடொன்று ஒட்டித் தடித்திருந்தால் முழுவதையும் காப்பாற்றுவது கடினம்.

முழுமையாகத் திறந்தால் சத்திரசிகிச்சை செய்பவருக்கு எல்லாம் தெரியும். இரண்டு வால்வுகளை மாற்றவும், கூடவே பைபாஸ் செய்யவும் வசதி. எலும்பு பொருந்த 6 முதல் 8 கிழமைகள் எடுக்கும். பாரம் தூக்கக்கூடாது, கிணற்றில் தண்ணீர் அள்ளக்கூடாது, சைக்கிள், மோட்டார் சைக்கிள் ஓடக்கூடாது.

சிறு வெட்டு முறையில், பெருநாடி வால்வுக்கு நெஞ்செலும்பின் மேற்பாதியை மட்டும் திறப்பார்கள். இருகூர் வால்வுக்கு வலப்பக்க விலா எலும்புகளுக்கு நடுவால் போவார்கள். இயந்திரத்தின் குழாய்களைத் தொடை நாளங்களில் இணைப்பார்கள். உள்ளே நடப்பது அதே வேலைதான். இதயத்தை நிறுத்துவதும் உண்டு, இயந்திரமும் உண்டு. தழும்பு சிறியது, குருதியிழப்புக் குறைவு, வீடு திரும்புவது சற்று விரைவு. இடம் குறுகியது என்பதால் நேரம் கூட எடுக்கும். பயிற்சி பெற்றவர் வேண்டும். திறமையான கைகளில் உயிராபத்து இரண்டிலும் ஏறக்குறைய ஒன்றே. ஆகவே சிறு வெட்டு கிடைக்கவில்லை என்பதற்காக அவசியமான சத்திரசிகிச்சையைத் தள்ளிப்போட வேண்டியதில்லை.

குழாய்வழி முறை, டாவி என்று அழைக்கப்படுவது, நெஞ்சைத் திறக்காமலே செய்வது. 2002 ஏப்ரலில் பிரான்சின் ரூவான் நகரில் அலன் கிறிபியே முதன்முதலாகச் செய்தார். மடித்துச் சுருக்கிய மிருக வால்வைத் தொடை நாடி வழியாகக் கொண்டுபோய், பழுதான பெருநாடி வால்வுக்குள்ளேயே விரித்துவிடுவார்கள். இதயத்தை நிறுத்துவதில்லை. நோயாளி சில நாட்களில் வீடு போகலாம். முதலில் சத்திரசிகிச்சை தாங்க முடியாத முதியவர்களுக்கு மட்டும் செய்தார்கள். 2019இல் வெளியான பெரிய ஆய்வுகள், ஆபத்துக் குறைந்த முதியவர்களிலும் இதன் பலன் திறந்த சத்திரசிகிச்சைக்குக் குறைந்ததல்ல என்று காட்டின. அந்த ஆய்வுகளில் சேர்ந்தவர்களின் சராசரி வயது 70க்கு மேல் என்பதையும் சேர்த்தே வாசிக்க வேண்டும்.

இணையத்தில் இதைப் பார்த்துவிட்டு, எங்கள் பிள்ளைக்கும் இதைச் செய்ய முடியாதா என்று கேட்பவர்கள் பலர். காரணத்தை விளங்கிக்கொள்ள வேண்டும். புது வால்வைத் தைக்காமல் பிடித்து வைத்திருப்பது பழைய வால்வில் படிந்திருக்கும் கல்சியம்தான். வாதக்காய்ச்சலால் பழுதான இளம் வயதினரின் இருகூர் வால்வில் அப்படிப்பட்ட பிடிமானம் இல்லை. அந்த வால்வின் அமைப்பும் வேறு. வைப்பது மிருக வால்வு என்பதால் தேய்மானமும் உண்டு. சிலருக்கு வால்வைச் சுற்றிக் கசிவு வரும். சிலருக்குப் பேஸ்மேக்கர் வைக்க நேரும். செலவும் பெரியது. இலங்கையில் கொழும்பில் செய்யப்படுகிறது என்றாலும், வால்வின் விலை மட்டுமே பல இலட்சம் ரூபாய்.

ஆனால் இந்த முறையால் வேறொரு கதவு திறந்திருக்கிறது. முன்பு வைத்த மிருக வால்வு தேய்ந்தால், அதற்குள் இன்னொரு வால்வைக் குழாய்வழியாக வைக்க முடியும். அதற்கு முதல் வால்வு போதிய அளவு பெரிதாக இருக்க வேண்டும். மிருக வால்வைத் தெரிவு செய்யும் இளம் வயதினர் இதை முதலிலேயே கேட்டுவைக்க வேண்டும்.

வோபரினோடு வாழ்தல்

உலோக வால்வு வைத்தவருக்கு வைத்தியசாலை வாழ்க்கை அங்கேதான் தொடங்குகிறது. வோபரின் 1948இல் எலிக்கு வைக்கும் மருந்தாக வந்து, 1954இல் மனிதருக்கு மருந்தானது. யாராவது இதைச் சொல்லிப் பயமுறுத்தினால் குளிசையை நிறுத்திவிடாதீர்கள். அளவோடு போடும்போது அது உயிர் காக்கும் மருந்து; நிறுத்தினால் வால்வு அடைபடும்.

அளவு சரியா என்று பார்ப்பது ஐ.என்.ஆர். என்ற குருதிப் பரிசோதனை. மருந்து போடாத ஒருவருக்கு அது 1 அளவில் இருக்கும். பெருநாடியில் இரட்டை இதழ் உலோக வால்வு உள்ளவருக்கு வழமையாக 2.5 அளவிலும், இருகூர் இடத்தில் வைத்தவருக்கு 3 அளவிலும் இருக்க வேண்டும். உங்களுக்குரிய இலக்கைக் கிளினிக் கொப்பியின் முதல் பக்கத்தில் எழுதி வாங்குங்கள். குறைந்தால் குருதி உறையும்; கூடினால் குருதி பெருகும்.

கீரை, முருங்கையிலை, பொன்னாங்காணி போன்றவற்றில் உயிர்ச்சத்து கே அதிகம். அது வோபரினுக்கு எதிராக வேலை செய்யும். கீரையை விட வேண்டியதில்லை. ஒரு கிழமை தினமும் தின்றுவிட்டு அடுத்த கிழமை தொடாமல் விடுவதுதான் பிழை. அளவை ஒரேமாதிரி வைத்துக்கொள்ளுங்கள். டைக்ளோபெனக், இபுபுரோபன் போன்ற நோவுக் குளிசைகளைக் கடையில் வாங்கிப் போடக்கூடாது. நாட்டு வைத்தியக் கசாயங்களையும் கிளினிக்கில் சொல்லிவிட்டே எடுக்க வேண்டும். புதிதாக வந்த, குருதிப் பரிசோதனை தேவைப்படாத குருதி உறைதல் தடுப்புக் குளிசைகள் உலோக வால்வுக்கு உதவாது. டபிகற்றான் என்ற மருந்தை உலோக வால்வு நோயாளிகளில் பரிசோதித்த ஆய்வு, கட்டிகளும் குருதிப்பெருக்கும் கூடியதால் இடையிலேயே நிறுத்தப்பட்டு 2013இல் வெளியிடப்பட்டது.

இளம் பெண்களுக்கு இது இன்னும் கனமான தெரிவு. கருவின் 6 முதல் 12 கிழமைகளில் வோபரின் குழந்தையைப் பாதிக்கலாம். அதை நிறுத்தினால் தாயின் வால்வு ஆபத்தில். ஹெபரின் ஊசிக்கு மாற்றி, நெருக்கமான கண்காணிப்பில் பிள்ளை பெற்றவர்கள் இருக்கிறார்கள். ஆனால் கர்ப்பம் தரிப்பதற்கு முன்பே திட்டமிட வேண்டும். பிள்ளை வேண்டும் என்பதற்காக, பிற்காலத்தில் மறு சத்திரசிகிச்சை வரும் என்று தெரிந்தே மிருக வால்வைத் தெரிவு செய்யும் பெண்களும் உண்டு. இந்த முடிவைப் பெண்ணே எடுக்க வேண்டும். மாமியாரோ தமையனோ அவருக்காகப் பதில் சொல்லக்கூடாது.

போர்க்காயம் உள்ளவர்கள் கட்டாயம் சொல்ல வேண்டியவை

எந்த வைத்தியப் புத்தகமும் எங்களை நினைத்து எழுதப்படவில்லை. ஆகவே இந்தப் பகுதியைக் கவனமாக வாசியுங்கள்.

உடம்புக்குள் செல் துண்டு, சன்னம் இருந்தால், எந்த இடத்தில் இருக்கிறது என்பதை முதல் நாளிலேயே சொல்லுங்கள். காயப்பட்ட காலத்துத் துண்டுகள், எக்ஸ்ரேக்கள் இடப்பெயர்வில் தொலைந்துபோனவர்கள் வாயால் சொன்னாலே போதும். புதிதாக எடுத்துப் பார்ப்பார்கள். அதைச் சொல்வதால் பெரும்பாலும் சத்திரசிகிச்சை நின்றுபோகாது. இன்றைய உலோக வால்வுகளோடு எம்.ஆர்.ஐ. ஸ்கான் பொதுவாக எடுக்கலாம். ஆனால் இரும்பு கலந்த செல் துண்டு, முக்கியமாகக் கண், மூளை, முள்ளந்தண்டு, பெரிய குருதிக்குழாய் அருகில் இருந்தால், காந்தத்தில் அசையக்கூடும்.

நெஞ்சில் காயப்பட்டவர்கள், நெஞ்சுக்குள் குழாய் போட்டவர்கள் எந்தப் பக்கம் என்று சொல்லுங்கள். வலப்பக்கமாக இருந்தால் சுவாசப்பை ஒட்டிப்போயிருக்கலாம். விலா வழியான சிறு வெட்டு அவருக்குச் சரிவராமல் போகலாம்.

தலையில் காயப்பட்டு வலிப்பு வருபவர்களிற் பலர் கார்பமசெபீன் போடுகிறார்கள். அது வோபரினின் சக்தியைக் குறைக்கும். வலிப்புக் குளிசையைத் தொடங்கினாலோ, மாற்றினாலோ, நிறுத்தினாலோ ஐ.என்.ஆர். பார்க்க வேண்டும். காசநோய்க்குக் கொடுக்கும் ரிபாம்பிசினும் அப்படித்தான்.

முள்ளந்தண்டு பாதிக்கப்பட்டவர்களின் படுக்கைப் புண்ணும், செயற்கைக் கால் உரசி வரும் புண்ணும் கிருமி குருதிக்குள் போகும் வாசல்கள். அந்தக் கிருமி புது வால்வில் போய்க் குடியிருந்தால் அது உயிராபத்தான தொற்று. எந்த வால்வு வைத்தாலும் இந்த ஆபத்து உண்டு. புண் ஆறிய பிறகே சத்திரசிகிச்சைக்குப் போவது நல்லது. சொத்தைப் பல்லையும் முன்னரே பார்த்துவிட வேண்டும். பிறகு பல் பிடுங்கும்போது, வால்வு மாற்றியவர் என்று பல் வைத்தியரிடம் சொல்லி நுண்ணுயிர்க்கொல்லி மருந்து எடுக்க வேண்டும். அடிக்கடி காயப்படும் தொழில் செய்பவர்கள், தச்சர், கடற்றொழிலாளர், கண்ணிவெடி அகற்றுபவர், வால்வைத் தெரிவு செய்யும்போது தொழிலையும் சொல்ல வேண்டும்.

வைத்தியரிடம் கேட்க வேண்டியவை

ஒரு துண்டில் எழுதிக்கொண்டு போங்கள். என் வால்வைத் திருத்த முடியாதா? பலூனுக்குச் சரிவராததற்குக் காரணம் என்ன? என் வயதுக்கு நீங்கள் சொல்லும் வால்வு எவ்வளவு காலம் நிற்கும்? அது தேய்ந்தால் அதற்குள் குழாய்வழி வால்வு வைக்க முடியுமா? ஐ.என்.ஆர். பரிசோதனையை என் ஊருக்குக் கிட்டிய எந்த வைத்தியசாலையில் செய்யலாம்? எனக்குப் பிள்ளை பெறும் எண்ணம் இருக்கிறது, எது பொருத்தம்?

மொழிப் பிரச்சினையையும் சொல்லாமல் விட முடியாது. தெற்கில் உள்ள வைத்தியசாலை ஒன்றில், தனக்கு வாசிக்கத் தெரியாத மொழியில் இருந்த சம்மதப் பத்திரத்தில் கையெழுத்து வைத்துவிட்டு, எந்த வால்வு வைக்கப்பட்டது என்று வீடு வந்த பிறகு அறிந்துகொண்ட ஒருவரை எனக்குத் தெரியும். தமிழும் அரச கரும மொழி. தமிழில் விளக்கம் கேட்பது உங்கள் உரிமை. கூடவே சிங்களம் தெரிந்த ஒருவரை அழைத்துச் செல்வது நடைமுறைக்கு உதவும். வால்வின் பெயர், அளவு, இலக்கம் எழுதிய அட்டையை வாங்காமல் வைத்தியசாலையை விட்டு வராதீர்கள்.

அரச வைத்தியசாலைகளில் சத்திரசிகிச்சை இலவசம். கொழும்பில் மட்டுமன்றி யாழ்ப்பாணம் போதனா வைத்தியசாலையிலும் இப்போது இதயச் சத்திரசிகிச்சை நடக்கிறது. காத்திருப்போர் பட்டியல் நீளமானால் தனியார் வைத்தியசாலைக்குப் போக நேரிடலாம். அதற்கு ஜனாதிபதி நிதியத்திடம் உதவி கோரலாம். விண்ணப்பத்தைப் பிரதேச செயலகம் ஊடாகவும் கொடுக்கலாம். காணியை ஈடு வைப்பதற்கு முன் அங்கே விசாரியுங்கள்.

சத்திரசிகிச்சை தேவைப்படாமல் இருக்க

மேலே சொன்ன வால்வுகள் எல்லாம் பழுதான பிறகு தேடும் வழிகள். வாதக்காய்ச்சலைப் பொறுத்தவரை அதற்கு முன்னரே ஒரு வழி இருக்கிறது. பிள்ளைக்குக் காய்ச்சலோடு தொண்டை நோவு வந்தால் வைத்தியரிடம் காட்டி, கொடுத்த மருந்தை இடையில் நிறுத்தாமல் முழுவதும் கொடுங்கள். ஏற்கெனவே வாதக்காய்ச்சல் வந்த பிள்ளை என்றால், 3 அல்லது 4 கிழமைக்கு ஒருமுறை போடும் பெனிசிலின் ஊசியை வைத்தியர் போதும் என்று சொல்லும்வரை தவறவிடாதீர்கள். சிலருக்கு அது 10 வருடங்கள், சிலருக்கு அதற்கும் மேல். ஊசி நோகும், பிள்ளை அழும், பாடசாலை ஒரு நாள் தவறும். வால்வைக் காப்பாற்றுவது அந்த ஊசிதான். போர்க்காலத்தில் அந்த ஊசியைத் தேடிப் போகப் பாதை இருக்கவில்லை. இன்று பாதை இருக்கிறது.